இரத்தம் எங்கே போகிறது? குடல் அழற்சி நோயும் இரும்புச்சத்துக் குறைவும்



நமது அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் 'இரத்தம் குறைவு' என்ற காரணம் அடிக்கடி எழுதப்பட்டிருக்கும். நாங்களும் மறுபேச்சின்றி உதவி செய்துவிடுவோம். சத்து மாத்திரைக்குப் பணம், டானிக்குக்குப் பணம், சில சமயம் இரத்தம் ஏற்றுவதற்கும் பணம். இந்த மாதப் பாடம், அப்படி நாங்கள் செய்த ஓர் உதவியில் எங்களிடமிருந்த குறையைப் பற்றியது. அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு, பெயரும் ஊரும் சொல்லாமல் எழுதுகிறோம்.

ஒரு மனுவின் கதை

தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஊரில் வாழும் இளம் தாய் அவர். இரண்டு பிள்ளைகள். வீட்டிலிருந்து பள்ளிவாசல் தெருவுக்கு வர அறுபது படி ஏற வேண்டும். அந்தப் படிகளை நான்கு முறை நின்று நின்று ஏறுகிறார் என்று அவருடைய அத்தா எங்களிடம் வந்து சொன்னார். ஹீமோகுளோபின் 7க்கு வந்துவிட்டது, ஒரு பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள், செலவை ஏற்றோம். எட்டு மாதத்தில் மறுபடி அதே மனு, மறுபடியும் கொடுத்தோம். மூன்றாவது மனு வந்தபோது எங்கள் குழுவில் உள்ள, ஓய்வுபெற்ற செவிலியர் சகோதரி ஒருவர் கேட்டார்: "ஏற்றிய இரத்தம் எங்கே போகிறது என்று யாராவது கேட்டீர்களா?"

யாரும் கேட்டிருக்கவில்லை. அந்தச் சகோதரி வீட்டுக்குப் போய்த் தனியாக அமர்ந்து பேசியபோதுதான் விஷயம் வெளிவந்தது. இரண்டு வருடமாக வயிற்றுப்போக்கு. இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுவலி. மலத்தில் அவ்வப்போது இரத்தம். எடை பத்துக் கிலோ இறங்கியிருந்தது. "மூலமாக இருக்கும் என்று நினைத்தேன். கக்கூஸ் விஷயத்தை மாமியிடம் எப்படிச் சொல்வது அக்கா?" என்றாராம்.

கோவையில் குடல் மருத்துவரிடம் அனுப்பினோம். கொலோனோஸ்கோப்பி செய்து, சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்து, குடல் காசநோய் இல்லை என்பதை உறுதி செய்த பிறகு, 'க்ரோன்ஸ் நோய்' என்று சொன்னார்கள்.

இது என்ன நோய்?

குடல் அழற்சி நோய் இரண்டு வகைப்படும். ஒன்று, பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். மற்றொன்று, வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரக்கூடிய, பெரும்பாலும் சிறுகுடலின் கடைசிப் பகுதியைப் பிடிக்கும் க்ரோன்ஸ். 1932இல் நியூயார்க்கில் இந்த நோயை விவரித்து எழுதிய மருத்துவர்களில் ஒருவரான பர்ரில் க்ரோன் என்பவரின் பெயரே அதற்கு நிலைத்தது. இரண்டுமே தொற்றுநோய் அல்ல. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்குவதால் வருபவை. பல ஆண்டுகள் நீடிக்கும். சில காலம் அடங்கும், சில காலம் சீறும். இதை வாய்வு, உஷ்ணம், மூலம், செய்வினை என்று எண்ணி வருடங்களை இழப்பவர்கள் உண்டு.

குடலுக்கு வெளியே இந்த நோய் உண்டாக்கும் தொல்லைகளில் மிகப் பரவலானது இரத்தச்சோகை. அதற்கு முதல் காரணம் இரும்புச்சத்துக் குறைவு.

ஒரு சிறு கணக்கு

நம் உடலில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. ஒரு நாள் உணவிலிருந்து குடல் உறிஞ்சுவது 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு உண்டு. அப்படியானால், குடல் புண்ணிலிருந்து தினமும் இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 மில்லிலிட்டர் இரத்தம் கசிந்தால் 5 மில்லிகிராம் இரும்பு போய்விடுகிறது. வரவு ஒன்று அல்லது இரண்டு, செலவு ஐந்து. எந்தக் குடும்பமும் இந்தக் கணக்கில் தாக்குப்பிடிக்காது. இவ்வளவு குறைந்த இரத்தம் மலத்தில் கலந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம்.

இன்னொரு தடையும் உண்டு. அழற்சி இருக்கும்போது ஈரல் 'ஹெப்சிடின்' என்ற சுரப்பை அதிகமாக்குகிறது. குடலிலிருந்து இரும்பு இரத்தத்துக்குள் செல்லும் வாசலை இது அடைத்துவிடுகிறது. மண்சரிவால் பர்லியார் பாதை அடைபட்ட நாட்களை நினைத்துப் பாருங்கள். மேட்டுப்பாளையத்தில் எத்தனை லாரி சரக்கு நின்றாலும் அந்த வழியாகக் குன்னூருக்கு ஒரு மூட்டையும் ஏறாது. அதுபோலத்தான் நோய் சீறும் காலத்தில் விழுங்கும் இரும்பு மாத்திரையும். குடலிலேயே தங்கி, குமட்டலும் வயிற்றுவலியும் தந்துவிட்டு வெளியே போகிறது. "மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை" என்று அந்தச் சகோதரி சொன்னது சாக்கு அல்ல.

லேப் சீட்டைப் படிப்பது எப்படி?

பலர் ஹீமோகுளோபின் ஒன்றை மட்டும் பார்க்கிறோம். ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11 (நடு மூன்று மாதங்களில் 10.5) கிராமுக்குக் கீழே போனால் சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஆனால் அது சோகை இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். ஏன் என்று சொல்லாது. குடல் நோய் உள்ளவருக்கு இன்னும் மூன்று சோதனைகள் தேவை.

ஒன்று, ஃபெரிட்டின். உடலின் இரும்புக் கிடங்கில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும். அழற்சி இல்லாதவருக்கு இது 30க்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைவு. 

இரண்டு, சி.ஆர்.பி. உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும். அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் தானாகவே உயர்ந்துவிடும். கிடங்கு காலியாக இருந்தாலும் நிறைந்ததுபோலக் காட்டும். ஆகவே நோய் சீறும் நேரத்தில் ஃபெரிட்டின் 100 வரை இருந்தாலும் இரும்புக் குறைவு இருக்கலாம் என்றே மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன.

மூன்று, டிரான்ஸ்ஃபெரின் செறிவு. இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் வண்டிகளில் நூற்றுக்கு எத்தனை நிரம்பியிருக்கின்றன என்பது இதன் பொருள். 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் எலும்பு மஜ்ஜைக்குப் போதுமான இரும்பு போய்ச் சேரவில்லை. செறிவு குறைந்தும் ஃபெரிட்டின் 100க்கு மேலும் இருந்தால், அது பெரும்பாலும் அழற்சியால் வரும் சோகை. 30க்கும் 100க்கும் நடுவில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே இருக்க வாய்ப்பு அதிகம்.

நமது சகோதரியின் சீட்டில் ஹீமோகுளோபின் 8.6, ஃபெரிட்டின் 64, சி.ஆர்.பி. 42, செறிவு 8 விழுக்காடு. ஃபெரிட்டின் எண்ணுக்குப் பக்கத்தில் 'நார்மல்' என்றே அச்சாகியிருந்தது. அதை மட்டும் பார்த்தவர்கள், "இரும்பு போதுமான அளவு இருக்கிறது" என்று முன்பு ஒருமுறை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நான்கு எண்களையும் சேர்த்துப் பார்த்த மருத்துவருக்கு உண்மை புரிந்தது.

நம் மலையின் உயரமும் கணக்கில் வரும்

உயரமான இடத்தில் காற்றில் ஆக்சிஜன் குறைவு என்பதால் உடல் தானாகவே ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்ளும். உதகை கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். குன்னூர் சுமார் 1,850 மீட்டர். உலக சுகாதார நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படியே 2,000 மீட்டரில் வாழ்பவரின் அளவிலிருந்து 0.8 கிராம் கழித்துப் பார்க்க வேண்டும். 2024இல் வந்த புதிய வழிகாட்டி அந்தக் கழிவை இன்னும் கூட்டியிருக்கிறது. உதகைப் பெண் ஒருவருக்கு 12.3 என்று வந்தால் "12ஐத் தாண்டிவிட்டது" என்று மகிழ்கிறோம். 0.8ஐக் கழித்தால் 11.5; அது சோகைதான். உங்கள் மருத்துவர் சமவெளியில் இருப்பவராக இருந்தால் "நாங்கள் ஊட்டியில் வாழ்கிறோம்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

எல்லாச் சோகையும் இரும்புக் குறைவல்ல

இதற்கும் நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. 1952இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் தன்மை இருப்பதைக் கண்டு எழுதினார்கள். இந்தியாவில் அதுபற்றி வந்த முதல் ஆய்வுகளில் அதுவும் ஒன்று. அரிவாள் செல், தலசீமியா போன்றவை பரம்பரையாக வருபவை; இரும்புக் குறைவு இல்லாமலேயே சோகை தருபவை. சோதிக்காமல் ஆண்டுக்கணக்கில் இரும்பு கொடுப்பது இவர்களுக்குப் பயன் தராது, தீங்கும் செய்யலாம்.

குடல் நோயாளிகளுக்கு வைட்டமின் பி12, ஃபோலிக் அமிலம் ஆகியவையும் குறையலாம். பி12 உறிஞ்சப்படுவது சிறுகுடலின் கடைசிப் பகுதியில். அங்கேதான் க்ரோன்ஸ் அதிகம் வருகிறது. அந்தப் பகுதியை அறுவை செய்து எடுத்தவர்கள் பி12 அளவை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நம் நாட்டில் குடல் காசநோய் க்ரோன்ஸ் போலவே தோற்றமளிக்கும். தேர்ந்த மருத்துவர்களுக்கே பிரித்தறிவது கடினம். க்ரோன்ஸுக்குத் தரும் ஸ்டீராய்டு போன்ற மருந்துகள் காசநோயை மோசமாக்கிவிடும். ஆகவே சோதனைக்கு மேல் சோதனை சொல்கிறார்களே என்று சலித்துக்கொள்ளாதீர்கள்.

சிகிச்சை

முதல் சிகிச்சை குடலுக்கு. புண் ஆறாமல் இரும்பு மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதாகும். குடல் மருந்துகளை நடுவில் நிறுத்தக்கூடாது. முதுகுவலிக்கும் தலைவலிக்கும் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளில் பல, குடல் புண்ணைக் கிளறிவிடும். அவற்றை மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும்.

நோய் அடங்கியிருந்து, சோகையும் லேசாக இருந்தால் மாத்திரை போதும். நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் இரும்புக்கு மேல் வேண்டாம் என்பது குடல் நோயாளிகளுக்கான ஐரோப்பிய வழிகாட்டியின் அறிவுரை. அதிகம் விழுங்கினால் அதிகம் சேராது, வயிறுதான் கெடும். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால் இயல்பு. ஆனால் தார்போல ஒட்டும் கறுப்பு மலமும் தலைசுற்றலும் இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நோய் சீறிக்கொண்டிருந்தால், ஹீமோகுளோபின் 10க்குக் கீழே இருந்தால், அல்லது மாத்திரை ஏற்கனவே ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவதே முதல் வழி. பர்லியார் பாதை அடைபட்டால் கோத்தகிரி வழியாக வருகிறோம் அல்லவா, அதுபோல. இரும்பு சுக்ரோஸ் என்பது ஒரு தடவைக்கு 200 மில்லிகிராம் போலப் பல தடவை ஏற்ற வேண்டியது, விலை குறைவு. ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்பது ஒரே தடவையில் 1,000 மில்லிகிராம் வரை கால் மணி நேரத்தில் ஏற்றக்கூடியது, விலை அதிகம். மலையிலிருந்து கோவைக்கு ஐந்து முறை போய்வரும் பேருந்துக் கட்டணம், இழந்த கூலி, உடன் வருபவரின் கூலி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துத்தான் எது மலிவு என்று முடிவு செய்ய வேண்டும்.

அளவும் முக்கியம். ஹீமோகுளோபின் 7க்கும் 10க்கும் இடையே, எடை 70 கிலோவுக்குக் கீழே என்றால் மொத்தம் 1,500 மில்லிகிராம் தேவைப்படும். ஒரு பாட்டில் இரத்தத்தில் இருப்பதோ 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு. நாங்கள் செலவு செய்த இரண்டு பாட்டிலும் அந்தச் சகோதரிக்கு ஏன் நிலைக்கவில்லை என்பது இப்போது புரிகிறதா? இரத்தம் ஏற்றுவது உயிருக்கு ஆபத்தான நேரத்தில் கைகொடுக்கும். அது இரும்புக் கிடங்கை நிரப்பாது.

நரம்பு வழி இரும்பு பற்றிச் சிலர் கேட்கிறார்கள்: "இது யாருடைய இரத்தம்?" இது இரத்தமே அல்ல, கரும்பழுப்பு நிற மருந்து. கடும் ஒவ்வாமை அரிது. எனினும் அவசர சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனையில்தான் ஏற்ற வேண்டும். காய்ச்சலோ கிருமித்தொற்றோ இருந்தால், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். ஊசி போட்ட இடம் எரிந்தால் உடனே கூப்பிட்டுச் சொல்லுங்கள். மருந்து தோலுக்கடியில் கசிந்தால் கறை நீண்ட காலம் போகாது.

நம் சமையலறையும் நம் வழக்கங்களும்

தேயிலை நமக்குச் சோறு போடுகிறது. ஆனால் சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர், காய்கறி தானியங்களில் உள்ள இரும்பு உறிஞ்சப்படுவதைப் பாதிக்கு மேல் குறைத்துவிடும். தேநீரை விடச் சொல்லவில்லை. உணவுக்கும் மாத்திரைக்கும் முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்றவை இரும்பு சேர உதவும். குடல் தாங்கும் அளவுக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"நாம் கறி சாப்பிடுகிறவர்கள், நமக்கு இரும்பு குறையாது" என்ற நினைப்பும் தவறு. ஈரலும் சுவரொட்டியும் நல்லவைதான். ஆனால் கசிவு நிற்காதவருக்கு எந்த உணவும் ஈடுகட்டாது. பேரீச்சம்பழம் பரக்கத்தான உணவு. அதில் 100 கிராமுக்கு இருப்பது சுமார் 1 மில்லிகிராம் இரும்பு. அதை மருந்துக்குப் பதிலாக வைக்க வேண்டாம்.

ரமலானில் பலர் மாத்திரையை நோன்புக் கஞ்சியோடும் தேநீரோடும் விழுங்குகிறார்கள். அதில் பயன் குறைவு. தேநீர் குடித்து ஒன்றரை மணி நேரமாவது கழித்துப் போடுங்கள். நோய் சீறும் நிலையில் நோன்பு வைக்கலாமா என்பதற்கு, அல்பகரா அத்தியாயத்தின் 185ஆம் வசனம் நோயாளிக்குத் தரும் சலுகையை நினைவூட்டுகிறோம். மருத்துவர் வேண்டாம் என்றால் மனம் வருந்த வேண்டாம். பிறகு நோற்பதா, பரிகாரம் தருவதா என்பதை உங்கள் இமாமிடம் கேளுங்கள். நோன்பு நேரத்தில் ஊசி பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இரும்பு ஏற்றும் நாளை முடிந்தால் இரவிலோ, ரமலானுக்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவசரம் என்று மருத்துவர் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள்.

ஹிஜாமா பற்றியும் சொல்லியாக வேண்டும். அதன் மீது எங்களுக்கும் மரியாதை உண்டு. ஆனால் இரத்தம் குறைந்தவரிடமிருந்து இன்னும் இரத்தம் எடுப்பது அவரைப் பலவீனப்படுத்தும். சோகை உள்ளவர்கள் ஹிஜாமாவோ இரத்த தானமோ செய்ய வேண்டாம். நோய்க்கு மருந்து தேடும்படி நம் நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். காரணத்தைக் கண்டறிவதும் அந்தத் தேடலில் சேர்ந்ததே.

சரியான பிறகும்

சிகிச்சை தொடங்கி நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 2 கிராமாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் மருத்துவரிடம் திரும்பச் செல்லுங்கள். நரம்பு வழி இரும்பு ஏற்றிய முதல் மாதத்தில் ஃபெரிட்டின் பார்க்க வேண்டாம், எண் ஏமாற்றும். சரியான பின் ஓராண்டு வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையும் சோதனை வேண்டும். பலருக்குக் குறைவு மீண்டும் வருகிறது. ஒருமுறை சரியானதும் கோப்பைப் பரண் மேல் போட்டுவிடாதீர்கள்.

நமது சகோதரிக்கு ஒரு வார இடைவெளியில் இரண்டு தடவையாக 1,500 மில்லிகிராம் ஏற்றினார்கள். குடலுக்கான மருந்தும் தொடங்கினார்கள். நான்கு வாரத்தில் 10.9, மூன்று மாதத்தில் 12.6. அல்ஹம்துலில்லாஹ். நோய் போய்விடவில்லை, அடங்கியிருக்கிறது. சென்ற மாதம் அவர் தம் பிள்ளையை மக்தபுக்கு அழைத்து வந்தபோது, படிகளில் ஒருமுறைதான் நின்றதாகச் சொன்னார்.

எங்கள் முடிவு

இரண்டு ஆண்டுகளாக நல்லெண்ணத்தோடு கொடுத்தோம். ஒரு கேள்வி கேட்கத் தவறினோம். மக்கள் நம்பிக் கொடுத்த ஜக்காத், ஸதகா பணம் அது. ஆகவே 'இரத்தம் குறைவு' என்று வரும் மனுக்களுக்கு இனி முதல் உதவி, காரணம் கண்டறியும் சோதனைக்கே. உயிருக்கு ஆபத்தான நிலை மட்டும் விதிவிலக்கு. பெண்களிடம் பெண் உறுப்பினர்களே தனியாகப் பேசுவார்கள். சொன்னது வெளியே போகாது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் எந்தச் சோதனைக்கு, எந்தச் சிகிச்சைக்கு அது செல்லும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலில் கேளுங்கள்; விண்ணப்பம் எழுதுவதில் நாங்கள் உதவுகிறோம்.

குடும்பத்தில் இவை இருந்தால் தாமதிக்க வேண்டாம்: நான்கு வாரத்துக்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம், இரவில் எழுப்பும் வயிற்றுவலி, காரணமில்லாத எடைக் குறைவு, ஆசனவாய் அருகே திரும்பத் திரும்பச் சீழ், வளராத பிள்ளை, மேடு ஏறினால் மூச்சிரைப்பு, மண், சாம்பல், பச்சரிசி தின்னும் ஆசை. உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, குன்னூர் அரசு மருத்துவமனையிலோ தொடங்கலாம். தேவைப்பட்டால் அவர்கள் கோவைக்கு அனுப்புவார்கள்.

இன்றிரவு சாப்பிட்டு முடித்து எல்லோரும் அமர்ந்திருக்கும்போது வீட்டில் ஒரு கேள்வி கேளுங்கள்: "யாருக்காவது சொல்லக் கூச்சப்படும் வயிற்றுத் தொல்லை இருக்கிறதா?" கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்திருங்கள். பதில் அப்போதே வராமலும் போகலாம். கேட்டவர் நினைவில் இருப்பார். பிறகு வந்து சொல்வார்கள், இன்ஷா அல்லாஹ்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் முழுமையான ஷிஃபாவைத் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர், அறக்கட்டளை நிர்வாகக் குழுவுக்காக